தூண்டில்காரர் இடம் சொல்லமாட்டார்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் எனக்கு வேலை. காலையிலிருந்து மாலை வரைக்கும் யார் யாரோ வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்குப் போனால், ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்காத மனிதர் ஒருவர் ஹாலில் உட்கார்ந்து தூண்டில் ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். அவர் என் கணவர். கேள்வி ஒன்றும் பெரிய கேள்வி இல்லை.

"இந்த மீன எங்க புடிச்சீங்க?"

"கடல்ல."

கல்யாணமான புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. அதற்கும் பிறகு, மீன் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

இந்த ஊரில் தூண்டில் போடுகிற தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மலாய் வார்த்தை உண்டு: லுபுக். மீன் கூடுகிற இடம். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு லுபுக் இருக்கும். அதை அடுத்தவருக்குச் சொல்வதில்லை. சம்பளம் எவ்வளவு என்று சொல்வார்கள். வீட்டில் என்ன சண்டை என்று சொல்வார்கள். மூலத்துக்கு எந்த டாக்டரிடம் போனேன் என்றுகூட, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூச்சமில்லாமல் சொல்வார்கள். லுபுக் எங்கே என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் காது மந்தமாகிவிடும்.

என் கணவர் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிள்ளான் பக்கம் ஏதோ ஒரு ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்குப் போய் ஒரு சீன அங்கிளிடம் சின்னப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை அவர் கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் வசதியை அவருக்குத் தெரியாமல் நான் போட்டுவிட்டேன். அன்று முழுக்கப் புள்ளி ஜெட்டியை விட்டு அசையவே இல்லை. கைப்பேசியைக் காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவர் அவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். மற்றவர் ரவாங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து, நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தேத்தாரே குடிப்பார்கள், தூண்டில் முள்ளின் அளவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆனால் ஒன்றாக மீன்பிடிக்கப் போகமாட்டார்கள். ஆளுக்கொரு ஜெட்டி, ஆளுக்கொரு படகு. திரும்பி வந்து ஒருவருக்கொருவர் மீன் படம் அனுப்பிக்கொள்வார்கள். படத்தில் பின்னால் தெரிகிற கரையையும் மரத்தையும் விரலால் தேய்த்து அழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் கடலின் அடித்தரையை ஒட்டி வாழ்கிற மீன்கள். கெராப்பு என்கிற களவா மீன், திருக்கை, சில சமயம் நாக்கு மீன். கெராப்புதான் அதிகம். மீனை அவர் பிடிப்பார், கழுவுவது நான். அதனால் அவர் சொல்லாத சில விஷயங்களை மீன் எனக்குச் சொல்லிவிடும். கெராப்புவின் வயிற்றைக் கீறினால் சின்ன நண்டு இருக்கும், கூனி இறால் இருக்கும். அதோடு சேர்த்து விழுங்கிய பச்சைப் புல்லும் இருக்கும். ரிப்பனை வெட்டிப் போட்ட மாதிரித் தட்டையான புல். கடலுக்குள் புல் முளைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவரிடம் காட்டினேன்.

"இது என்னங்க?"

"குப்ப" என்றார், எட்டிக்கூடப் பார்க்காமல்.

இப்படி இருக்கும்போதுதான் துறைமுகத்தை ஒட்டிக் கடலில் மண் கொட்டி நிலம் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்கு முன்னால் மீன்பிடிப்பவர்களின் கருத்தைக் கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை டேவானுக்கு வாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு சுற்றியது. டேவான் என்றால் பொது மண்டபம். கூட்டம் என்றால் சாப்பிட மீகூனும் கறிபாப்பும் கட்டாயம் உண்டு. நானும் வருகிறேன் என்றேன். அன்று சமைக்க வேண்டாம் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

மண்டபத்தில் ஒரு பெரிய மேசை முழுக்கக் கடற்கரையின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். ஆய்வு செய்கிற நிறுவனத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தாள். இராமநாதபுரத்துக் கடற்கரைப் பெண், படித்துவிட்டு இங்கே வேலை விசாவில் வந்தவள். மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லி முடித்துவிட்டு, எங்கள் வரிசையைப் பார்த்துத் தமிழில் பேசினாள்.

"கடலுக்கு அடியில புல்லு பார்த்திருக்கீங்களா சார்? எங்க ஊர்ல அதைத் தாழைன்னு சொல்வாங்க. கெராப்புக் குஞ்சு, இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு எல்லாம் அதுக்குள்ள ஒளிஞ்சுதான் வளரும். பக்கத்துல மண்ணு கொட்டினா தண்ணி கலங்கிரும். வெயில் கீழ இறங்காது. தாழை செத்துரும். அது போச்சுன்னா தரை மீனு எதுவும் அங்க நிக்காது."

பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம். கரையோரம் முழுக்க டைவர்களை இறக்கித் தேட அவர்களால் முடியாதாம். "இங்க இருக்குன்னு யாராவது ஒருத்தர் இடத்தைக் காட்டினாப் போதும். நாங்க இறங்கிப் பார்ப்போம். இருந்தா, அந்த இடத்தை விட்டுத் தள்ளிக் கொட்டச் சொல்லி எழுதுவோம்."

நீங்கள் எந்த இடத்தில் மீன் பிடிக்கிறீர்களோ அங்கே இதை ஒட்டுங்கள் என்று எல்லோருக்கும் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர்களைக் கொடுத்தார்கள். தூண்டில்காரர்களிடம் போய் இப்படிக் கேட்கலாமா? ஆனால் பாவம், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவளுடைய ஊரில் மீன்பிடித்தல் தொழில். இங்கே வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ரகசியக் காதல்.

லோரிக்காரர் தன் ஸ்டிக்கரைக் கப்பல் போகும் பாதையின் நட்டநடுவில் ஒட்டினார். அங்கே தூண்டில் போட்டால் கப்பல்தான் மாட்டும். பட்டறைக்காரர் சாக்கடை வந்து விழுகிற ஆற்றுமுகத்தில் ஒட்டினார். என் கணவர் ரொம்ப நேரம் யோசித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஒட்டினார். அந்தப் பெண் வரைபடத்தைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். பிறகு மண் கொட்டப்போகிற பகுதியை விரலால் வட்டமிட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கம் யாருமே போறதில்லையா?"

"அங்க ஒன்னுமே இல்லம்மா. வெறும் சேறு" என்றார் லோரிக்காரர்.

"சேறுதான்" என்றார் பட்டறைக்காரர்.

"சேறு" என்றார் என் கணவர். இவ்வளவு ஒற்றுமையை அந்த மூன்று பேரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கறிபாப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். "எங்க வீட்டுக்கு வர்ற கெராப்பு வயித்துல புல்லு இருக்கும்மா. பச்சையா, ரிப்பன் மாதிரி. நானே கையால எடுத்திருக்கேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதேதான்க்கா! எங்க பிடிச்சது?"

"இவரக் கேளு."

மண்டபத்தில் இருந்த அத்தனை தொப்பிகளும் என் கணவர் பக்கம் திரும்பின. அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது நான் புடிச்சது இல்ல. செலாயாங் பாசார்ல வாங்குனது."

இதன் கனம் தூண்டில்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குத்தான் புரியும். சந்தையில் மீனை வாங்கிவந்து நான்தான் பிடித்தேன் என்று சொல்கிறவனை இவர்கள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பழியை என் கணவர் தன் தலையில் தானே போட்டுக்கொண்டார். லோரிக்காரருக்குத் தேநீர் புரையேறிவிட்டது. "அலாமா! பாசாரா மச்சான்?" என்று பட்டறைக்காரர் வாய்விட்டுக் கேட்டார். அன்றிலிருந்து என் கணவருக்கு அந்த வட்டாரத்தில் 'பாசார் பாஸ்' என்று பெயர்.

புறப்படும்போது அந்தப் பெண் என்னிடம் தன் எண்ணைக் கொடுத்தாள். "சார் பொய் சொல்றாருன்னு தெரியுதுக்கா. மனசு மாறினாக் கூப்பிடச் சொல்லுங்க. மழைக்காலம் முடியறதுக்குள்ள சொன்னாப் போதும்."

ஃபெடரல் ஹைவேயில் காருக்குள் நான் சும்மா இருக்கவில்லை.

"ஒரு வார்த்த சொன்னா அந்த எடம் தப்பிக்கும்ல?"

"சொன்னா அடுத்த வாரமே அங்க படகு நிறுத்த எடம் இருக்காது லா. வழிச்சி எடுத்துட்டுப் போயிருவானுங்க."

"மண்ணக் கொட்டுனா?"

"எங்க கொட்டப் போறானுங்க! சும்மா பேசுவானுங்க. எத்தன வருசமா பேசுறானுங்க."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. இதற்கு முன்னால் அவருக்கு வேறொரு லுபுக் இருந்தது. செராஸில் இருக்கிற தன் சித்தப்பா மகனிடம் மட்டும், அதுவும் தீபாவளி விருந்தின் குஷியில், வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவன் அங்கே போய் வீடியோ எடுத்துப் போட்டான். அடுத்த மாதமே இழுவலைக்காரர்கள் வந்து அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அங்கே அவருக்கு ஒரு நெத்திலிகூட மாட்டவில்லை. அந்தச் சித்தப்பா மகனோடு அவருக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. காப்பாற்ற வேண்டுமென்றால் வாயை மூடு என்பதுதான் கடல் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதைப் போய் நான் எப்படிக் குறை சொல்வது?

இருந்தாலும் எண்ணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தேன். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அவர் கண்ணில் பட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மீன் கழுவும்போது வருகிற புல்லை மட்டும் எடுத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்கு எதிரே வைத்தேன். இரண்டு மூன்று வாரம் அதைப் பார்க்காத மாதிரியே சாப்பிட்டார். ஒரு நாள் கிண்ணத்தைக் கையில் எடுத்து, புல்லை விரலால் நீவிவிட்டார்.

"தண்ணி தெளிவா இருக்குற அன்னைக்குப் பாக்கணும் நீ. அப்படியே சாஞ்சி சாஞ்சி ஆடும். உள்ளாரக் குஞ்சு மீனுங்க ஓடும்" என்றார். அவர் குரல் அப்படி இளகி நான் கேட்டதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"கூப்புட்டுச் சொல்லிருங்க" என்றேன்.

"சொல்லணும்தான்" என்றார்.

அதுவே பெரிய வெற்றி என்று நான் நினைத்தேன். ஆனால் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதற்கும் சொல்வதற்கும் நடுவில் பண்டிகைகள் நிறைய இருந்தன. பொங்கல் முடியட்டும் என்றார். தைப்பூசம் முடியட்டும் என்றார். சீனப் பெருநாளில் ஆபீஸ் எல்லாம் மூடியிருக்கும், அது முடியட்டும் என்றார். ஒருமுறை எண்ணைத் தட்டிக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கீழே ரயில் போகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "எங்கேஜ்" என்றார். பிறகு அவருடைய கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன், யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை.

எல்லாப் பண்டிகையும் முடிந்து அவர் ஒருவழியாக உண்மையாகவே கூப்பிட்டார். அந்தப் பெண் எடுத்தாள். அறிக்கை போய்விட்டது சார், இனிமேல் என்னால் எதுவும் செய்ய முடியாது என்றாள். கோபித்துக்கொள்ளவில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். இவர் கைப்பேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "பரவால்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்போதும் சொல்லவில்லை!

மண் ஏற்றிய பெரிய படகுகள் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு போவேன் என்று அடம்பிடித்தேன். ஆச்சரியமாக, சரி என்றார். ஜெட்டியை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார்.

"கண்ண மூடிக்க."

"என்னது?"

"சும்மா மூடிக்க லா. நான் சொல்றப்ப தொறந்தாப் போதும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன், ஆனால் எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாறியது. எனக்கு வழி பிடிபடக்கூடாது என்று அவர் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார் என்பது புரிந்தது. கடைசியில் மோட்டார் நின்றது. ஆனால் அவர் கண்ணைத் திற என்று சொல்லவில்லை. நானாகத் துப்பட்டாவை எடுத்தேன்.

எங்களுக்கு முன்னால் இரண்டு படகுகள் நின்றிருந்தன. ஒன்றில் லோரிக்காரர். மற்றதில் பட்டறைக்காரர்.

மூன்று ஆண்கள், மூன்று படகுகள், ஒரே இடம். இத்தனை வருடமும் மூன்று பேரும் வேறுவேறு நேரத்தில் இதே இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். மண்டபத்தில் மூன்று பேரும் சேறு சேறு என்று காப்பாற்றியது இந்த ஒரே புல்வெளியைத்தான். நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க முடியாமல் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"சும்மா இப்படிக் காத்து வாங்க வந்தேன் மச்சான்" என்றார் லோரிக்காரர்.

"நானும்" என்றார் பட்டறைக்காரர். "எஞ்சின் ஒரு மாதிரி சத்தம் போட்டுச்சி, நிறுத்திப் பாக்குறேன்."

என் கணவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சிரிப்பு அப்போதுதான் நின்றது. தண்ணீர் தேத்தாரே நிறத்தில் இருந்தது. கையை முழங்கை வரை விட்டேன். விரல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை இறக்கித் தரையைத் தொட்டு இழுத்தார். முள்ளில் ஒரு கொத்துப் புல் வந்தது. பழுப்பு நிறம். எடுத்து விரலால் நீவினார்; கையோடு கரைந்து போயிற்று. மற்ற இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். எனக்கு மூன்று பேர்மேலும் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. ஒரே ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதுமே.

அதன்பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமை போய்க்கொண்டுதான் இருந்தார். முதலில் நாக்கு மீன் நின்றது. திருக்கை எப்போதாவது வந்தது. வருகிற கெராப்பு உள்ளங்கை அளவுக்குச் சிறுத்தது. அதையும் திருப்பி விட்டுவிட்டேன் என்று வெறுங்கையோடு வர ஆரம்பித்தார். நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்க மீன் வேண்டுமே.

போன மாதம் ஒரு நாள் பெட்டி கனக்கத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே நல்ல பெரிய கெராப்பு. "மாட்டிச்சி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். கழுவும் தொட்டியில் போட்டேன். செவுள் வெளுத்திருந்தது. கீறியபோது கத்தி உள்ளே ஐஸில் இடித்தது. வயிற்றில் நண்டு இல்லை, இறால் இல்லை, புல்லும் இல்லை. எந்தப் பாசார் என்பதுகூட எனக்குத் தெரியும். காய்கறி லோரியில்தான் அன்று வந்து இறங்கினார். பொய்யாகச் சொன்னதை இத்தனை நாள் கழித்து மெய்யாக்கிவிட்டார்.

புளி கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். பாதியில், பழைய ஞாபகத்தில், என் வாயில் வந்துவிட்டது.

"நல்ல மீன். எங்க புடிச்சீங்க?"

கடல்ல என்பார் என்று காத்திருந்தேன். அவர் சோற்றை ஒதுக்கித் தட்டில் இடம் செய்தார். நடுமுள்ளை எடுத்துக் குறுக்கே வைத்தார்.

"இதுதான் ஜெட்டி" என்றார்.

குழம்பில் விரலைத் தொட்டு ஒரு கோடு இழுத்தார். எந்த விளக்குக் கம்பத்தை எதனோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும், எங்கே மோட்டாரை நிறுத்த வேண்டும், எந்தப் பக்கத்துக் காற்றுக்கு எங்கே நங்கூரம் போட வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு போன வழியை என் கண்ணெதிரே வரைந்து காட்டினார். கோடு முடிந்த இடத்தில் ஒரு கறிவேப்பிலையை எடுத்து வைத்தார்.

"இங்கதான்" என்றார்.

அந்தக் கறிவேப்பிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, அங்கிருந்தே திரும்பிப் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லிறாத."

"சொல்லமாட்டேன்" என்றேன். இங்கேயும் நான் சொல்லவில்லை.